சைகைக்கு ஒரே ஆள்

கிரேனுக்குக் கீழே எத்தனை பேர் நின்றாலும் சைகை காட்டுவது ஒரே ஆள்தான். மேஸ்திரி கத்தலாம், என்ஜினீயர் கையை ஆட்டலாம், கட்டடத்துக்குச் சொந்தக்காரரே வந்து விரலை நீட்டலாம். மேலே கேபினில் இருப்பவர் அதையெல்லாம் கண்டுகொள்ளவே கூடாது. பச்சை மேல்சட்டை போட்ட சைகைக்காரர் சுட்டுவிரலை வானத்தைப் பார்த்துச் சுழற்றினால் தூக்கு, தரையைப் பார்த்துச் சுழற்றினால் இறக்கு. அவர் கை சும்மா இருந்தால் கிரேனும் சும்மா இருக்க வேண்டும்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. 'நிறுத்து' என்ற சைகையை மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம். செங்கல் சுமப்பவர், டீ கொண்டுவருபவர், வழி தவறி உள்ளே நுழைந்தவர், யாராக இருந்தாலும் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க ஆட்டிவிட்டால் மேலே இருப்பவர் நிறுத்தியாக வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டுப் பதில் வருவதற்குள் யாராவது பாரத்துக்கு அடியில் போயிருப்பார்கள். கேள்வியில்லாமல் கீழ்ப்படிகிற சைகை என்பதால்தான் அதை யாரும் பொய்யாகக் காட்டுவதில்லை. வேலையிடத்தில் பொய்க்குப் பஞ்சமில்லை. வயிற்றுவலி என்று லீவு போடுவார்கள், சிமெண்ட் வந்துவிட்டது என்று சாதிப்பார்கள். அந்த ஒரு சைகையில் மட்டும் பொய் கிடையாது.

அந்த வேலையிடத்தில் கிரேன் ஓட்டியது ஒரு பெண். அவளுக்குச் சைகை காட்டியது அவள் கணவன்.

மேஸ்திரிக்கு இது தீராத வேடிக்கை. "வீட்ல நீ சொல்றபடி அவன் ஆடுறான். இங்க அவன் சொல்றபடி நீ ஆடுற. கணக்கு நேராயிடுச்சு" என்று வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். ஆனால் வேலை நடக்கும்போது அவர்கள் கணவன் மனைவி இல்லை. வாக்கி-டாக்கியில் 'என்னங்க', 'ஏம்மா' எல்லாம் ஆகாது. அவள் 'மேலே', அவன் 'கீழே'. "மேலே, கேக்குதா?" என்பான். "கேக்குது கீழே" என்பாள். சண்டை போட்டுக்கொண்டு பேசாமலே கிளம்பி வந்த காலைகளிலும் அந்த இரண்டு வார்த்தைகள் தடங்கலில்லாமல் போய் வந்தன.

அவள் முதலில் அதே நிறுவனத்தின் ஸ்டோரில் ஆணி, கம்பி, பெயின்ட் எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருந்தாள். தினமும் ஜன்னல் வழியாகக் கிரேனைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்தது. வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் டிப்ளமோ படித்தாள். முடிக்கும்போது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. பிறகு பயிற்சி அனுமதி வாங்கிச் சின்ன கிரேனில் உட்கார்ந்தாள். இப்போது முப்பத்து நாலு.

ஏணி நெடியது. கேபினில் கழிப்பறை கிடையாது. அதனால் ஏறுகிற நாளில் காலையிலிருந்து தண்ணீரை நாக்கு நனைகிற அளவுக்குத்தான் குடிப்பாள். ரொட்டியும் அவித்த முட்டையும் ஒரு டப்பாவில் இடுப்போடு கட்டியிருக்கும். மதியம் இறங்கியதும் ஒரு பாட்டில் தண்ணீரை மூச்சு விடாமல் குடிப்பாள். பாட்டிலைத் தயாராக வைத்துக்கொண்டு ஏணியடியில் நிற்பது கணவனின் வேலைகளில் ஒன்று.

கிரேன் ஓட்டுவதில் கஷ்டமானது தூக்குவது இல்லை, ஆட்டத்தை அடக்குவது. கிரேனின் நீண்ட கையைத் திருப்பி ஓரிடத்தில் நிறுத்தினால் கை நின்றுவிடும், கயிற்றில் தொங்கும் பாரம் நிற்காது. அது பாட்டுக்கு முன்னால் போகும். புதிதாக வருபவர்கள் பயந்துபோய்க் கையைப் பின்னால் இழுப்பார்கள். ஆட்டம் இரண்டு பங்காகிவிடும். செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு. பாரம் போகிற திசையிலேயே கையையும் கொண்டுபோக வேண்டும். பாரம் ஆட்டத்தின் உச்சிக்குப் போய் ஒரு கணம் தயங்கும். அந்தக் கணத்தில் கையின் நுனி அதற்கு நேர் மேலே போய்ச் சேர்ந்துவிட்டால் பாரம் ஆடியதையே மறந்ததுபோல நின்றுவிடும். உடம்பின் பயம் இழு என்கிறது, வேலை பின்னாலேயே போ என்கிறது. பயத்தைக் கேட்காமலிருக்க அவளுக்கு ஒரு வருடம் ஆயிற்று.

அவர்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம். குழந்தை பற்றிய பேச்சு முதலில் மற்றவர்களிடமிருந்துதான் வந்தது. பிறகு அவர்களுக்கே வந்தது. இருவருக்கும் வேண்டும் என்றுதான் இருந்தது. எப்போது என்பதுதான் சிக்கல். நிறுவனத்தில் ஒரு விதி. கர்ப்பம் என்று தெரிந்த அன்றே கேபினை விட்டு இறங்கிவிட வேண்டும். அதில் அவளுக்குப் புகார் இல்லை. அந்த ஏணியும் அதிர்வும் வயிற்றுப்பிள்ளைக்கு ஆகாது. ஆனால் இன்னொரு விதியும் இருந்தது. பயிற்சி அனுமதியில் இருப்பவர் நடுவில் சில மாதம் விட்டால் அனுமதி செத்துவிடும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். தேர்வு எழுதி உரிமம் வாங்கிவிட்டால் அப்படியில்லை. எத்தனை மாதம் கழித்து வந்தாலும் ஏணி அவளுடையது. அதனால் அவள் கணக்கு தெளிவாக இருந்தது: முதலில் உரிமம், அடுத்த மாதமே குழந்தைக்கு முயற்சி.

தேர்வு ஒருமுறை மழையால் தள்ளிப்போனது. ஒருமுறை தேர்வாளர் வரவில்லை. இதற்கிடையில் மாமியாரின் வற்புறுத்தலால் மருத்துவரிடம் போனார்கள்.

மாமியார் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா. பிள்ளை பெற்றவர்களையும் பிள்ளைக்காக வந்து வெறுங்கையோடு போனவர்களையும் ஒரே தாழ்வாரத்தில் பார்ப்பவள். ஊர்வாய்க்குப் பயந்து பேசுகிறவள் இல்லை. அவள் பயம் கண்ணால் பார்த்த பயம்.

மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். ஒரு பெண் பிறக்கும்போதே அவளுக்கான முட்டைகள் எல்லாம் அவளுக்குள் இருக்கின்றன. புதிதாக ஒன்றும் உண்டாவதில்லை, குறைந்துகொண்டுதான் போகும். ரத்தப் பரிசோதனை எவ்வளவு மிச்சம் என்று தோராயமாகக் காட்டும். இருப்பது நல்லதா, அடுத்த மாதம் கரு நிற்குமா என்று காட்டாது. அவளுக்கோ அந்த வயதில் இருக்க வேண்டியதைவிடக் குறைவு.

"கதவு மூடலம்மா. ஒருக்களிச்சிருக்கு. எவ்வளவு நாள் அப்படியே இருக்கும்னு கேட்டா எனக்குத் தெரியாது" என்றார்.

முட்டைகளை எடுத்து உறையவைக்கலாமா என்று அவள் கேட்டாள். செய்யலாம், ஆனால் ஊசி போடும் வாரங்களில் ஏணி ஏறக் கூடாது, அவள் நிலையில் கிடைப்பதும் கொஞ்சமாகத்தான் இருக்கும், எடுத்துவைத்த முட்டை எடுத்துவைத்த குழந்தை இல்லை என்று மருத்துவர் சொன்னார். கடைசியில் கணவனையும் ஒரு பரிசோதனை கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். அவன் இன்றைக்கு வேலை இருக்கிறது, அப்புறம் வருகிறேன் என்றான்.

வீட்டில் பேச்சு நீண்டது. மாமியார் உடனே என்றாள். மருமகள், தேர்வு முடியட்டும் என்றாள். கணவன் இரண்டு பக்கமும் தலையாட்டினான். தேர்வுக்கு நாள் குறிக்கப்பட்டது. இந்தத் தடவை தவறினால் மழைக்காலம் முடிந்துதான் தேர்வாளர் வருவார் என்று மேஸ்திரி சொன்னார். மாமியார் அந்த வாரம் முழுக்க மகனிடம் மட்டுமே பேசினாள். காலையில் அவன் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டே பேசினாள், அவன் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து பேசினாள். இந்த உரிமம் வந்தால் பெரிய கிரேன் கொடுப்பார்கள், பெரிய கிரேன் வந்தால் இன்னொரு படிப்பு வரும், அவளுக்கு இறங்க மனசு வராது என்று சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான்.

தேர்வு நாளில் வானம் தெளிவாக இருந்தது. தேர்வாளர் வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தார். மைதானத்தில் வளைந்து வளைந்து கம்பங்கள் நட்டிருந்தார்கள். வாய்வரை தண்ணீர் நிரப்பிய பீப்பாயைத் தூக்கி, கம்பங்களில் படாமல், தண்ணீர் சிந்தாமல் கொண்டுபோய், சுண்ணாம்பால் போட்ட வட்டத்துக்குள் இறக்க வேண்டும். வாக்கி-டாக்கி அவசரத்துக்கு மட்டும். மற்றபடி கைச்சைகைதான்.

பீப்பாய் எழுந்தது. முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது வளைவில் லேசாக ஆடப் பார்த்தது, அவள் அதன் பின்னாலேயே போய் அடக்கினாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. குடைக்கு அடியில் தேர்வாளர் தலையசைத்தது மேலிருந்தே தெரிந்தது. வட்டம் நெருங்கிவிட்டது.

அப்போது கணவன் இரண்டு கைகளையும் நீட்டி ஆட்டினான்.

அவள் நிறுத்தினாள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. நிறுத்திய பிறகுதான் பார்த்தாள். பாரத்துக்கு அடியில் யாரும் இல்லை. கொக்கி சரியாக இருந்தது, கயிறு சரியாக இருந்தது. காற்றுமானியின் முள் தூங்கிக்கொண்டிருந்தது.

"கீழே, என்ன?" என்றாள். "கீழே, கேக்குதா?"

"காத்து" என்றது அவன் குரல். "காத்து வர்ற மாதிரி இருக்கு மேலே."

திடீரென்று நிறுத்தியதில் பீப்பாய் ஆடியது. தண்ணீர் விளிம்பைத் தாண்டித் தரையில் கொட்டியது.

அவள் இறங்கி வந்தபோது தேர்வாளர் எதற்காக நிறுத்தச் சொன்னாய் என்று கணவனைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் காற்று என்றான். தேர்வாளர் குடையைப் பார்த்தார். குடைத்துணி அசையவில்லை. அவளிடம், நிறுத்துவதற்குக் காரணம் இருந்ததாக நினைக்கிறாயா என்று கேட்டார்.

"நிறுத்துன்னா நிறுத்துறது என் வேலைங்க. ஏன்னு காட்டினவரைக் கேளுங்க" என்றாள்.

விதிப்படி அவர் செய்ய முடிந்தது ஒன்றுதான். பாதியில் நின்ற தேர்வு தேர்வில்லை, மழை முடிந்து பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் குடையை மடக்கினார். கணவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவள் அதை வாங்காமல் நடந்தாள். மேஸ்திரியின் வாயில் அன்று வேடிக்கை எதுவும் வரவில்லை.

வீட்டில் மாமியார் அவித்த உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். சூடு தாங்காமல் ஒவ்வொன்றையும் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றிப் போட்டாள். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை எடுத்தாள். கணவன் வாசலிலேயே நின்றான். தேர்வு தள்ளிப்போனதை மாமியாரிடம் அவன்தான் சொன்னான். அவள் கை ஒரு நொடி நின்றது. அந்த முகத்தில் வந்தது சந்தோஷம் என்று சொல்ல முடியாது. நிம்மதி.

"அப்ப சரி. விதியே ஒரு வழியைக் காட்டிடுச்சு. இனிமே வீட்டைப் பாருங்க" என்றாள்.

"அது காட்டலை அத்தை. உங்க பிள்ளை காட்டினாரு" என்றாள் மருமகள். கிழங்கின் தோல் அவள் நகத்தில் நீளமாக உரிந்து வந்தது. "காத்தே இல்லை. பொய்யா நிறுத்துன்னு காட்டினாரு."

கணவன் மறுக்கவில்லை. பீப்பாய் வட்டத்தை நெருங்கியபோது பயமாகிவிட்டது என்றான். அவள் ஜெயிக்கப் போகிறாள் என்பது தெரிந்ததும் பயம். மருத்துவர் சொன்ன கதவு, அம்மா சொன்ன கதைகள், எல்லாம் ஒன்றாக வந்தன. கை தானாகப் போய்விட்டது என்றான்.

"தானா போச்சா?" என்றாள். "நாளைக்கு நிஜமாவே ஒருத்தன் பாரத்துக்கு அடியில நிப்பான். நீங்க கையை ஆட்டுவீங்க. இது காத்தா, வீட்டுச் சண்டையான்னு நான் ஒரு நொடி யோசிப்பேன். அந்த ஒரு நொடியில அவன் செத்துப்போவான். என்ன பண்ணிவெச்சிருக்கீங்கன்னு புரியுதா?"

மாமியார்தான் பேசினாள். அவளுக்குக் கோபமில்லை, கெஞ்சல்தான் இருந்தது. "நீ அவனைத் திட்டும்மா, வேணாங்கலை. ஆனா நான் தினமும் பாக்குறேன். படிச்சவளுங்க, பெரிய வேலையில இருக்கறவளுங்க, என் தோளைப் பிடிச்சுக்கிட்டு அழுவுறாளுங்க. அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு இருந்துட்டோம் ஆயான்னு. அந்த மாதிரி நீ அழுது நான் பாக்க முடியாது."

"பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லவே இல்லை. நீங்க பாத்தது நிஜம். சீக்கிரமா பெத்துக்கிட்டு, வேலையை விட்டுட்டு, உள்ளுக்குள்ள அழுவுறவங்க உங்க வார்டுக்கு வர மாட்டாங்க. அதனால அவங்களை நீங்க பாக்கலை."

மாமியார் கிழங்கைத் தட்டில் வைத்தாள்.

"சரி, இல்லாமலே போயிட்டா?"

"போனா அழுவேன். நல்லா அழுவேன். அழுதுட்டு ஏணி ஏறுவேன். அது என் அழுகை அத்தை, அதுக்கு முன்கூட்டியே நீங்க பயப்பட வேணாம்." குரல் கொஞ்சம் உடைந்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை. "எனக்குக் குழந்தை வேணாம்னு யார் சொன்னது? கீழே இறங்கினா திரும்ப ஏற முடியணும். அதான் கேக்குறேன். நிறுத்துன்னு நீங்க சொல்லலாம், டாக்டர் சொல்லலாம், தெருவுல போறவங்க சொல்லலாம், நின்னு கேட்டுக்குவேன். தூக்குன்னும் இறக்குன்னும் சொல்ல ஒரே ஆள்தான். இந்த உடம்புக்கு அது நான்தான்."

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் எழுந்து அணைக்கவில்லை. அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர் உங்களை ஒரு டெஸ்ட் குடுக்கச் சொன்னாங்களே. குடுத்தாச்சா?"

மாமியார் தலையைத் தூக்கினாள். ஆயாவாக இத்தனை வருடம் இருந்தவளுக்கு அந்தக் கேள்வியின் எடை தெரியும். "என்னடா, குடுக்கலையா?" என்றாள். அவன் வேலை, நேரம் என்று ஏதோ இழுத்தான். மாமியார் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே எழுந்தாள். "பாதிப் பேரு உன்ன மாதிரிதான்டா வர்றானுங்க. பொண்டாட்டியை மட்டும் வரிசையில நிக்கவெச்சிட்டு வெளிய டீ குடிக்கிறவனுங்க. என் பிள்ளையும் அதுல ஒருத்தனா?" என்றாள். மருமகள் சிரித்துவிட்டாள். சிரிப்பு வரக் கூடாத இடத்தில் வந்த சிரிப்பு, ஆனாலும் வந்துவிட்டது.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் கடைசியாக ஒன்று சொன்னாள். அதைச் சத்தம் போடாமல்தான் சொன்னாள். "இனிமே எனக்கு நீங்க சைகை காட்ட வேணாம். மேஸ்திரிகிட்ட நாளைக்குச் சொல்லிடுவேன்."

அன்று முழுக்க அவன் வாங்கிக்கட்டிக்கொண்ட எதுவும் அவனை அப்படி அடிக்கவில்லை. உட்கார்ந்தான்.

மறுநாள் முதல் சைகைக்கு வேறு ஆள் வந்தான். அவனுக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர். வாய் ஓயவே ஓயாது. மச்சினன் வாங்கிய மோட்டார் சைக்கிள், பக்கத்து வீட்டுக் கோழி, எல்லாம் அவனிடமிருந்து ஒலிபரப்பாகும். ஆனால் பச்சைச் சட்டையைப் போட்டதும் வாய் மூடிக் கை பேசத் தொடங்கிவிடும். ஒரு சைகை கூடுதலாக இருக்காது, ஒன்று குறையாது. கணவன் பாரம் கட்டுகிற வேலைக்குப் போனான். கம்பிக் கட்டுக்கோ செங்கல் தட்டுக்கோ சங்கிலி போட்டு, எடை நடுவில் விழுகிறதா என்று பார்த்துக் கொக்கியில் மாட்டி, ஒதுங்கி நிற்க வேண்டும். அதற்கப்புறம் பாரம் அவனுடையது இல்லை.

மழைக்காலம் நீண்டது. காற்று கூடும் நாட்களில் வேலை நிற்கும். அப்போது கிரேனின் கை சுழலாமல் பிடித்திருக்கும் பிரேக்கைத் தளர்த்திவிட்டு இறங்க வேண்டும். நீண்ட கை காற்றோடு தானே திரும்பிக்கொள்ளும். அசையாமல் பூட்டிவைத்த கிரேனைத்தான் காற்று சாய்க்கும். அவள் பிரேக்கைத் தளர்த்திவிட்டு நனைந்துகொண்டே இறங்கி வருவாள். ஏணியடியில் தண்ணீர் பாட்டில் இருக்கும், வைத்தவன் தள்ளி நின்றிருப்பான். சில வாரம் அவள் அதை எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள். அதற்காகப் பேச்சு பழையபடி ஆகிவிடவில்லை.

அவன் பரிசோதனை கொடுத்தான். மாமியாரே கூட்டிப்போனாள், வெளியே டீக்கடைப் பக்கம் போகவிடாமல். முடிவில் பெரிய குறை இல்லை, கொஞ்சம் சுமார் என்று வந்தது. வீட்டில் அதைச் சொல்லும்போது அவன் காது சிவந்திருந்தது. அவள் ஆறுதலும் சொல்லவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. தேர்வுக்கு முந்தைய வாரம் அவளும் மறுபடி ரத்தம் கொடுத்தாள். முன்பைவிட இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தது. மருத்துவர் வேண்டுமானால் தேர்வை விட்டுவிட்டு உடனே தொடங்கலாம் என்றார். அவள் நின்று கேட்டுக்கொண்டாள். நன்றி சொன்னாள். பஸ் ஏறி வேலைக்குப் போனாள்.

தேர்வு நாளில் இந்த முறை நிஜமாகவே காற்று இருந்தது. தடுக்கும் அளவுக்கு இல்லை, தொந்தரவு கொடுக்கும் அளவுக்கு இருந்தது. தேர்வாளரின் குடை இரண்டு முறை மேலே மடங்கிக்கொண்டது. பீப்பாய்க்குச் சங்கிலி போட்டது கணவன். நான்கு பக்கமும் சரிபார்த்துவிட்டு ஒதுங்கிப்போய் நின்றான். ரேடியோ விரலைச் சுழற்றினான்.

முதல் வளைவு. இரண்டாவது வளைவில் ஒரு காற்று வந்து பீப்பாயைக் கம்பத்தின் பக்கமாகத் தள்ளியது. கணவனின் இரண்டு கைகளும் இடுப்பிலிருந்து எழுந்தன. கம்பத்தருகே ஆளில்லை என்று கண்ணுக்குத் தெரிந்தது. கொஞ்சம் எழுந்த கைகளை அவன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொண்டான்.

மேலே அவள் பின்வாங்கவில்லை. கம்பத்தைப் பார்த்துப் போகிற பீப்பாயின் பின்னால் கிரேனின் கையைச் செலுத்தினாள். பார்ப்பவர்களுக்கு அவளே கொண்டுபோய் மோதப்போகிறாள் என்றுதான் தோன்றும். கம்பத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பீப்பாய் தயங்கியது. கையின் நுனி அதன் தலைக்கு மேல் வந்து சேர்ந்தது. பீப்பாய் நின்றது. விளிம்பில் தண்ணீர் மேடுகட்டி நின்று, சிந்தாமல் அடங்கியது. மூன்றாவது வளைவு. சுண்ணாம்பு வட்டம். ரேடியோவின் விரல் தரையைப் பார்த்து மெல்லச் சுழன்று, நின்றது.

தேர்வாளர் கையெழுத்துப் போடும்போது ரேடியோ தன் மூடிவைத்த வாயைத் திறந்து எல்லாவற்றையும் சேர்த்துப் பேசத் தொடங்கினான். மேஸ்திரி, இனிமே கணக்கு நேராகாது போலிருக்கே என்று கணவனிடம் சொன்னார்.

அவள் பிரேக்கைத் தளர்த்திவிட்டு இறங்கினாள். ஏணியடியில் கணவன் நின்றிருந்தான். தள்ளி இல்லை, பக்கத்தில். பாட்டிலை நீட்டினான். அவள் மூடியைத் திறந்து, தலையை அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறேன்" என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டு. "வர்றதுன்னா வாங்க. பேசறது நான்."

"வர்றேன்."

"கிடைச்சா கீழே இறங்கி நிக்கிறேன், எத்தனை மாசமானாலும். கிடைக்கலேன்னா கிடைக்கலை. ரெண்டுல எதுவானாலும் இந்த ஏணி என்னோடது. மறிக்க வர்றவங்க வரட்டும், அது உங்கம்மாவா இருந்தாலும், நீங்களா இருந்தாலும்."

அவன் காலிப் பாட்டிலை வாங்கிக்கொண்டான். "சைகை?" என்று கேட்டான், மெதுவாக. "எனக்குத் திரும்பக் குடுப்பியா?"

அவள் மேலே பார்த்தாள். பிரேக் தளர்ந்த கிரேனின் கை காற்றோடு நிதானமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"ரேடியோ நல்லாத்தான் காட்டுறான்" என்றாள். "பாரம் கட்டுங்க. அதை ஒழுங்கா கட்டுறீங்க."